பிடிக்கும் விளையாட்டு

முதலாளி இரண்டு வரி அனுப்பியிருந்தார்:
"எல்லாரும் ஒட்டாம இருக்காங்க.
ஏதாவது பண்ணுங்க."
இருபத்தாறு பேர், பதினெட்டாயிரம் ரூபாய்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை.
ஞாயிறு என்றதும் பாதிப்பேர் முகம் சுண்டியதை
அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

ஐந்து ரோட்டுக்குப் பின்னால் எங்கள் அலுவலகம்.
தண்ணீர் மோட்டாருக்கு உதிரி பாகம் அனுப்புகிறோம்,
ஓசூர் வரைக்கும், ஒருமுறை ஓங்கோல் வரைக்கும்.
கணக்குப் பிரிவுக்கும் குடோனுக்கும் நடுவில்
ஒரு கண்ணாடிக் கதவு.
பூட்டு கிடையாது. யாரும் திறப்பதும் கிடையாது.

சனிக்கிழமை மதியம் காகிதத்தோடு உட்கார்ந்தேன்.

கயிறு இழுத்தல்.
யார் ஜெயிப்பார்கள் என்று கயிற்றுக்கே தெரியும்.
அங்கமுத்து ஒரு ஆள் இழுத்தால்
கணக்குப் பிரிவு மொத்தமும் மண்ணில் கிடக்கும்.
அந்த வாரம் அவருடைய ஓவர்டைம் பில்
இரண்டு நாள் தாமதமாகும்.
அடித்தேன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்தல்.
நஸ்ரின் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"அதான் தினமும் நடக்குதே மேடம்,
மூணாவது ரேக் பக்கம் பல்பு போயி நாலு மாசம்."
அடித்தேன். ஓரத்தில் 'பல்பு' என்று எழுதி வைத்தேன்.

பாட்டுக்குப் பாட்டு:
பாடத் தெரிந்த இரண்டு பேர் பாடுவார்கள்,
மிச்சப் பேர் போன் பார்ப்பார்கள்.

அப்புறம் அது.
பின்னால் நிற்பவர்களை நம்பி
கண்ணை மூடிச் சாய வேண்டும். பிடித்துக்கொள்வார்கள்.
செலவே இல்லை.
ஏற்காட்டில் அதற்கென்றே பாறைகள் கிடக்கின்றன.
பேனா அங்கே நின்றுவிட்டது.

போன ஐப்பசியில் சித்தேஸ்வரன் விழுந்தார்.
தர்மபுரிக்குப் போக வேண்டிய லோடு
தாராபுரம் போய் இறங்கிவிட்டது.
அந்தச் சீட்டில் மூன்று பேர் எழுத்து இருந்தது.
கூட்டத்தில் எழுந்து நின்றது ஒருத்தர்.
மற்றவர்களுக்கெல்லாம் சரியாக அந்த நேரம்
கம்ப்யூட்டரில் ஏதோ அவசரம்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.
பிடித்தது அது ஒன்றைத்தான்.
மெமோவை அடித்தவள் நான்,
ஒரு ஒற்றுப்பிழை இல்லாமல்.

அவரைப் பாறை மேல் ஏற்றிவிட்டு
"விழுங்க சார், நம்பி விழுங்க" என்று
நான் விசிலோடு நிற்பதா?

கடைசியில் விளையாட்டு எதுவும் தேறவில்லை.
வேன், சாப்பாடு, ஏரியில் படகு. அவ்வளவுதான்.
ஞாயிறு வேண்டாம், வேலை நாளாக இருக்கட்டும் என்று
எழுதிக் கேட்டேன்.
மூன்று நாள் கழித்து 'ம்' என்று வந்தது.

வியாழக்கிழமை.
அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் ஐம்பது பார்சல்,
வேன் முழுக்கப் பூண்டுச் சட்னி வாசம்.
பதினோராவது கொண்டை ஊசியில்
தலைமைக் கணக்கர் தேவசகாயத்துக்கு வயிறு புரட்டியது.
கவரைப் பிடித்துக்கொண்டு நின்றது அங்கமுத்து.
"தூரமா மரத்தைப் பாருங்க சார், ரோட்டைப் பாக்காதீங்க."
இதை நான் திட்டத்தில் எழுதவில்லை,
பிற்பாடு அறிக்கையிலும் எழுதவில்லை.

ஏரியில் மிதிபடகு, ரெண்டு ரெண்டு பேராக.
கடைசியில் மிஞ்சியது நானும் சித்தேஸ்வரனும்.
யாராவது வேண்டுமென்றே செய்தார்களா, தெரியாது.
நடு ஏரி வரை அவர் மிளகு விலை பேசினார்.
"சார், அந்த மெமோ..." என்றேன்.
"நீங்க அடிச்சதுதானே. தெரியும்."
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
பனி இறங்கி, எதிர்க்கரையில் பாதியைக் காணோம்.
எப்போது கால் நின்றது என்று எனக்கே தெரியவில்லை.
"மேடம்," என்றார்,
"நீங்களும் கொஞ்சம் மிதிங்க.
அரை மணிதான் டிக்கெட்டு."

மிதித்தேன். புடவைக் கரை நனைந்தது.
பனிக்குள்ளிருந்து யாரோ விசில் ஊதி
எங்கள் படகு எண்ணைக் கூப்பிட்டார்கள்.